பால் மாவு வரிசை

எங்கள் அரசாங்கம் கவிழ்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மாலை என்று போட்டிருக்கிறார்கள். வானொலியில் சொன்னது மாலையில், அதனால் அப்படி. நான் அங்கேயே நின்றவள், பத்தே முக்கால்தான். 'மக்கள் பொங்கி எழுந்தார்கள்' என்றும் அதில் இருக்கிறது. யாரும் பொங்கவில்லை. வரிசையாகப் போனோம். தள்ளுமுள்ளுகூடக் கிடையாது. இருந்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

சண்டை வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். வரிசையில் ஊடே புகப் போகிறவனை அவன் தோளை அசைக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். சண்டையின் இரண்டாம் வருஷம் மின்சாரத்தையெல்லாம் குண்டு செய்யும் ஆலைகளுக்குத் திருப்பிவிட்டு கொட்டகையை மூடினார்கள். வேலை போனது. வரிசை மட்டும் போகவில்லை, ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

முதலில் சர்க்கரை காணாமல் போனது. அப்புறம் சோப்பு, அப்புறம் தீக்குச்சி, அப்புறம் பதினெட்டிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்த ஆண்பிள்ளைகள். ரொட்டி மட்டும் கிடைத்தது. அதில் மரத்தூள் கலக்கிறார்கள் என்று பேச்சு. எங்கள் தெருத் தச்சர் ஒரு துண்டை மோந்து பார்த்து என்ன மரம் என்றே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். பத்திரிகையில் அச்சாகியிருந்தால் அவருக்கு அது வேதம். எட்டுப் பக்கப் பத்திரிகை ஒற்றைத் தாளாகச் சுருங்கிய பிறகும் தினமும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

"இன்னைக்கும் ஜெயிச்சுட்டோமாம்" என்பார்.

"ஜெயிச்சவங்க வீட்டுல அடுப்பு எரியணுமே, நம்ம வீட்டுல ஏன் எரியல?"

"ஜெயிக்கிறதுக்கெல்லாம் செலவாகும்டி" என்பார். இவரைக் கட்டிக்கொண்டு நான் பட்ட பாடு தனிக் கதை.

அந்த மாசம் ஊரே புகைந்துகொண்டிருந்தது. ஆலைக்காரர்கள் வேலையை நிறுத்தினார்கள். பக்கத்து ஊரில் ரொட்டிக் கடைக் கண்ணாடியை உடைத்தார்கள். எங்கள் கடைவீதியில் பெண்கள் கூடிக் கத்தினார்கள். கத்துகிறவர்களை என்ன செய்வது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். குதிரைப் போலீஸை விட்டார்கள், கூட்டம் சிதறியது, மறுநாள் எல்லோரும் நொண்டிக்கொண்டே வரிசைக்கு வந்தார்கள்.

பெரிய சாலையில் இருந்த அரசுப் பண்டகசாலையின் வரிசை என் பொறுப்பு. யாரும் நியமிக்கவில்லை. முதல் நாளே இரண்டு பேர் ஒருவர் தலைமயிரை ஒருவர் பிடித்துக்கொண்டதைப் பார்த்துப் பொறுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகி இரண்டு நாளைக்கு அழியாத பென்சில் ஒன்று உண்டு. கொட்டகையிலிருந்து அதில் நாலு கட்டு கொண்டுவந்திருந்தேன். வருகிறவர்களின் உள்ளங்கையில் நம்பர் எழுதுவேன். வரிசையை விட்டுப் போனால் கால் மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும். மூட்டை முடிச்சு எதுவும் வரிசைக்குள் கூடாது, சுவரோரம் சாத்த வேண்டும். கதவை நெருங்கும்போது கையைத் தூக்கி நம்பரைக் காட்ட வேண்டும். பை வைத்துக்கொள்ளும் உரிமை எனக்கு மட்டும்தான், பென்சில் இருப்பதால். எல்லோரும் என்னை வரிசையக்கா என்று கூப்பிட்டார்கள். என் நாக்கு எப்போதும் ஊதாவாகவே இருந்தது.

இன்னொரு பழக்கமும் எங்கள் ஊரில் ஊறிப்போயிருந்தது. எங்கே வரிசையைப் பார்த்தாலும் முதலில் போய் நின்றுவிடுவோம், என்ன கொடுக்கிறார்கள் என்று அப்புறம்தான் கேட்போம். ஒருமுறை இரண்டு மணி நேரம் நின்ற பிறகுதான் முன்னால் இருப்பது பல் பிடுங்குகிற இடம் என்று தெரிந்தது. அப்போதும் சில பேர் நகரவில்லை.

என் மகளின் புருஷன் போர்முனையில் இருந்தான். அவன் போன பிறகு பிறந்த பெண் குழந்தைக்கு நாலு மாசம். மரத்தூள் ரொட்டி தின்கிற தாய்க்குப் பால் எங்கிருந்து வரும்? குழந்தை ராத்திரி பகலாக அழுதது. அந்தச் செவ்வாய்க்கிழமை விடியும்போது அழுகையை நிறுத்திவிட்டது. கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தது. அழுகிற குழந்தையைப் பார்த்து நான் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன்.

"அம்மா, இன்னைக்குப் பால் மாவு வரும்னு சொன்னியே?" என்றாள் மகள்.

"முந்நூறு டப்பா வருது. ஒண்ணு நம்ம வீட்டுக்கு. நீ பயப்படாதே" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

குழந்தையோடு கிடந்ததில் நேரமாகிவிட்டது. நான் போய்ச் சேர்வதற்குள் வரிசை தெருமுனை வரை நீண்டிருந்தது. எனக்குப் பதிலாகத் தையற்காரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக என் பக்கத்தில் நிற்கிறவள். சிப்பாய்களுக்குச் சட்டை தைக்கிற வேலை. ஒரு வயதுப் பையன் இருந்தான், குச்சிக்குத் துணி சுற்றின மாதிரி இருப்பான்.

"அக்கா, உங்களுக்கு இருபதாம் நம்பரைப் பிடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள் காதோடு காதாக.

நான் காதோடு விடவில்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி, "எனக்கு ஒரு நியாயம், மத்தவங்களுக்கு ஒரு நியாயமா? வந்த இடத்துல நிப்பேன். அடுத்த நம்பர் என்ன?" என்றேன்.

"இருநூத்தி எண்பத்தேழு."

"எழுது" என்று கையை நீட்டினேன். வரிசையில் இருந்தவர்கள் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முந்நூறு டப்பாவுக்கு இருநூற்று எண்பத்தேழு தாராளமாகப் போதுமே. தையற்காரியின் கையில் இருநூற்று அறுபத்து நாலு. விடியுமுன்பே வந்தவள்தான், நடுவே பையனைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குப் போய்த் திரும்பக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதால் முதல் நம்பரை இழந்திருந்தாள்.

எட்டு மணிக்கு ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இந்தாம்மா, இந்த வரிசையை எடு இங்கேருந்து."

"எங்க சார் எடுக்கறது? மடிச்சு இடுப்புல சொருகிக்கவா?"

"வாயைக் குறை. வெளிநாட்டு விருந்தாளி இந்த வழியா வர்றார். மத்தியானம் மாளிகையில விருந்து. அவர் கண்ணுல வரிசையே படக் கூடாது. நம்ம நாட்டுல எதுக்கும் பஞ்சமில்லைன்னு காட்டணும்."

"பண்டகசாலைக் கதவு இங்கதானே இருக்கு?"

"எங்கேயாவது திருப்பும்மா!" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையைத் துரத்தப் போய்விட்டார்.

திருப்பினேன். பண்டகசாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்து உண்டு. ஆள் ஆளாக நகர்த்தி, ஒருத்தர் நம்பர்கூட மாறாமல் முழு வரிசையையும் அதற்குள் வளைத்துவிட்டேன். இப்படி ஒரு வேலையைப் பட்டாளத்தில் செய்திருந்தால் பதக்கம் குத்தியிருப்பார்கள். அந்தச் சந்து மாளிகையின் பின் வாசலில் போய் முடிகிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் ஏதாவது ஆகும் என்பது மட்டும் தெரியாது.

மாளிகையில் இருந்து நாட்டை ஆண்டவரை நாங்கள் பெரியவர் என்போம். பேரைச் சொன்னால் வம்பு. பின் வாசலில் எட்டுச் சிப்பாய்கள் காவல். வரிசையின் வால் அவர்கள் காலடிக்கு வந்தது. அவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தானே, வரிசையைப் பார்த்ததும் கால் பரபரத்தது. மீசைக்காரச் சிப்பாய் ஒருவன் மெல்ல என் பக்கம் சாய்ந்தான்.

"என்னக்கா தர்றாங்க?"

"பால் மாவு."

அவன் முகம் மாறிவிட்டது. "எனக்கு ரெண்டு மாசத்துல பொண்ணு இருக்காக்கா. நான் நிக்கலாமா?"

"யார் வேணாலும் நிக்கலாம். துப்பாக்கியைச் சுவரோரம் சாத்திட்டு வா."

"ஐயோ, அது சர்க்கார் துப்பாக்கி. கையை விட்டு எடுக்கக் கூடாது."

"மூட்டை முடிச்சோட வரிசையில நிக்க விட மாட்டேன். பின்னாடி இருக்கறவங்களுக்கு இடிக்கும். சர்க்கார் துப்பாக்கின்னா சர்க்காரையே உனக்குப் பால் மாவும் வாங்கித் தரச் சொல்லு."

அதிகாரி யாராவது பார்க்கிறாரா என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைச் சுவரில் சாத்திவிட்டுக் கையை நீட்டினான். எண்ணூற்று முப்பத்தொன்று. அவனைப் பார்த்து மற்ற ஏழு பேரும் வந்தார்கள். பின் வாசலில் என்ன சலசலப்பு என்று பார்க்க வந்த முன் வாசல் காவல்காரர்களும் வரிசையைப் பார்த்ததும், என்ன ஏது என்று கேட்காமலே நின்றார்கள். சுவரோரம் துப்பாக்கிகள் துடைப்பக்கட்டை மாதிரி சாய்ந்திருந்தன. அரை நாள் நின்றாலும் இவர்கள் கைக்கு டப்பா வராது என்று எனக்குத் தெரியும். சொல்ல மனசு வரவில்லை.

ஒன்பதரைக்கு ஒரு லாரி சந்துக்குள் நுழைந்து ஹாரன் அடித்தது. நான்தான் கையைக் காட்டி, "ஓரமா ஒதுங்குங்க, வண்டிக்கு வழி விடுங்க, மிதிச்சுக்காதீங்க" என்று எல்லோரையும் சுவரோடு ஒட்டி நிற்கவைத்தேன். லாரி மாளிகைக்குள் போனது. டிரைவர் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

பத்து மணிக்குப் பண்டகசாலைக் கதவு திறந்தது. பொறுப்பாளர் வெளியே வந்து, 'இருப்பு இல்லை' என்ற பலகையை மாட்டிவிட்டு உள்ளே போகப் பார்த்தார். சட்டையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முந்நூறு டப்பா எங்கே?"

"என்னைக் கேட்டா? வந்த லாரியை அப்படியே மாளிகைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு. விருந்துக்கு ஐஸ்கிரீமும் இனிப்பும் பண்ணணுமாம். இப்பத்தானே சந்து வழியாப் போச்சு? நீங்கதான் வழி விட்டீங்கன்னு ரசீது வாங்க வந்த டிரைவர் சொன்னான்."

கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த குழந்தை கண்முன் வந்தது. அதன் வாய்க்குப் போக வேண்டியதற்கு நானே கையைக் காட்டி வழிவிட்டிருக்கிறேன். சேதி வரிசையோடு வரிசையாக ஓடியது. எழுநூறு எண்ணூறு நம்பர்கள் மாளிகை வாசலருகே இருந்தன. அவர்கள் உள்ளே புகுந்துவிடத் துடித்தார்கள். மீசைக்காரன்தான் எல்லோருக்கும் முன்னால் இருந்தான்.

எனக்கு வந்த கோபத்தில் ஊரையே எரித்திருப்பேன். ஆனால் பதினெட்டு வருஷப் பழக்கம் வாயில் முந்திக்கொண்டது.

"யாரும் முண்டக் கூடாது! டப்பா எங்க இருக்கோ அங்க வரிசை. ஒண்ணாம் நம்பர் முன்னாடி வா! மத்தவங்க நம்பர்படி பின்னாலேயே வரணும். யாராவது கத்தினீங்க, நம்பரை அழிச்சுடுவேன்."

ஒன்றாம் நம்பர் ஒரு சலவைக்காரி. அவளைப் பின் வாசல் வரை கூட்டிப் போனேன். இரண்டு, மூன்று, நாலு என்று ஆயிரம் பேர், ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் வந்தார்கள். வாசலை நெருங்குகிறோம் என்பதால் வழக்கம்போல எல்லோரும் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்கள். சிப்பாய்களும் தூக்கினார்கள்.

அப்போது மாளிகை மாடியில் நடந்ததை அங்கிருந்த சமையல்காரர் பிற்பாடு சொன்னார். பெரியவர் ஜன்னலைத் திறந்து பார்த்தாராம். தன் காவல்காரர்களின் துப்பாக்கியெல்லாம் சுவரில் கிடக்கிறது. காவல்காரர்கள் ஜனங்களோடு நிற்கிறார்கள். ஆயிரம் கைகள் மேலே, ஒவ்வொரு கையிலும் ஊதா நிறத்தில் ஏதோ ரகசியக் குறி. "கத்தினா கலகம், அடக்கிடலாம். இவங்க கத்தவே இல்லையே! இது எத்தனை நாள் திட்டமோ" என்று சொல்லிவிட்டு, விருந்தாளியை அழைத்துவரக் காத்திருந்த காரில் ஏறி முன் வாசல் வழியாகப் போய்விட்டார். மந்திரிகள் பின்னாலேயே ஓடினார்கள். சமையல்காரர் கடிகாரத்தைப் பார்த்தாராம், பத்தே முக்கால்.

எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. வாசல் திறந்திருந்தது, போனோம். சமையற்கட்டு வாசலில் வரிசையை நிறுத்தினேன். "இருப்பு பார்த்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, எப்போதும் செய்வது போல நான் மட்டும் கிடங்கு அறைக்குள் போனேன்.

டப்பாக்கள் அடுக்கி இருந்தன. அடுத்திருந்த சமையல் மேடைமேல் காலி டப்பாக்களும் இருந்தன, ஐஸ்கிரீமுக்கு உடைத்தவை. டப்பாவை முதலில் எடுத்தேனா, காலியை முதலில் பார்த்தேனா என்று நானே என்னைப் பலமுறை கேட்டிருக்கிறேன். காலியைத்தான் முதலில் பார்த்தேன். எண்ணவும் எண்ணினேன். முப்பத்தாறு. முந்நூறில் முப்பத்தாறு போனால் என்ன மிச்சம், அதில் இருநூற்று எண்பத்தேழுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஒரு டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டேன். மேலே பென்சில் கட்டை வைத்து மூடினேன். மூன்று வருஷமாக ஓர் ஈயைக்கூட ஊடே புகவிடாத நான். கடைசி டப்பா யாருடைய கைக்குப் போயிருக்கும் என்று அப்போது எனக்கு நினைவு வரவில்லை. அது மட்டும் சத்தியம்.

வெளியே வந்து, "ஒண்ணாம் நம்பர்!" என்று கூப்பிட்டேன். குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

நடுவே தாடிக்காரர் ஒருவர் பத்துப் பேரோடும் ஒரு கொடியோடும் மூச்சிரைக்க ஓடிவந்தார். பன்னிரண்டு வருஷமாக ஓர் அச்சாபீஸ் மாடியில் உட்கார்ந்து புரட்சிக்குத் திட்டம் போட்டவர்களாம்.

"யார் தலைமையில இது நடக்குது?" என்றார்.

"வால் அந்தப் பக்கம் இருக்கு. கொடியைச் சுவரோரம் சாத்திட்டு நில்லுங்க" என்றேன். ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாம் நம்பர். பாவம், நின்றார்.

இருநூற்று அறுபத்து மூன்றாம் நம்பரோடு டப்பா தீர்ந்தது. அடுத்து நின்றவள் கையைத் தூக்கிக்கொண்டு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெறும் அடுக்கைப் பார்த்தாள். தையற்காரி.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்கும் இல்லாமப் போச்சே! என் பையனாவது ரொட்டியை நனைச்சுக் கொடுத்தா விழுங்குவான். உங்க பேத்தி கைக்குழந்தையாச்சே. காலையில நான் வெச்சிருந்த இருபதை வாங்கியிருக்கக் கூடாதா? உங்களை மாதிரி ஒருத்தரை எங்கக்கா பார்க்கறது?" என்று எனக்காக அழுதாள். என் தோளில் தொங்கின பை அவள் கையில் இடித்துக்கொண்டிருந்தது.

குழந்தை அன்றைக்குப் பாலைக் குடித்துவிட்டு, சாயங்காலம் வீறிட்டு அழுதது. நானும் மகளும் அந்த அழுகையைக் கேட்டுச் சிரித்தோம். வானொலியில் புதுக்குரல் ஒன்று ஆட்சி மாறிவிட்டது என்றது. "பத்திரிகையில வரட்டும், அப்புறம் நம்பலாம்" என்றார் என் வீட்டுக்காரர். நான் பாதி மாவை ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு தையற்காரி வீட்டுக்குப் போனேன். மருமகன் ஒரு சிப்பாயிடம் கொடுத்தனுப்பினான் என்று சொன்னேன். அவள் வேண்டாம் என்று மறுத்தாள், நான் கட்டாயப்படுத்தினேன், அவள் மறுபடி அழுதாள். நல்ல பெயர் ஒட்டிக்கொண்டால் சோப்புப் போட்டாலும் போகாது. அப்போது சோப்பும் கிடையாது.

மறுவாரம் உணவுப் பங்கீட்டுக்கு ஒரு குழு போட்டார்கள், மூடிக்கிடந்த எங்கள் கொட்டகையில்தான் கூட்டம். தாடிக்காரர் காகிதமும் பேனாவுமாக மேடையில் இருந்தார். தலைமைக்கு யார் என்று கேட்டதும் தையற்காரி எழுந்துவிட்டாள்.

"வரிசையக்காதான். அன்னைக்குக் கிடங்குக்குள்ள முதல்ல போனது இவங்க. நினைச்சிருந்தா ஒண்ணை எடுத்திருக்கலாம். எடுக்கல. பேத்தி வீட்டுல பட்டினியாக் கிடக்கு, அப்பவும் எடுக்கல. மருமகன் அனுப்பின மாவுல பாதியை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தாங்க."

ஜனங்கள் கைதட்டினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். இப்போதாவது சொல்லேன் என்று மனசு இடித்தது. சொன்னால் இவர்களுக்கு இனிமேல் எந்த வரிசையிலும் நம்பிக்கை இருக்காது என்று சமாதானம் செய்துகொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பயம்.

"முதல் விதியை நீங்களே சொல்லுங்கம்மா" என்றார் தாடிக்காரர்.

"கிடங்குக்குள்ள யாரும் தனியாப் போகக் கூடாது. எப்பவும் ரெண்டு பேர். நானா இருந்தாலும் சரி" என்றேன்.

தாடிக்காரர் பேனாவை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "பன்னிரண்டு வருஷமாப் படிச்சோம். இது எங்க யாருக்கும் தோணலையே" என்றார்.

தையற்காரி என் பக்கம் சாய்ந்து, "எப்படிக்கா உங்களுக்கு மட்டும் இதெல்லாம் தோணுது?" என்று கேட்டாள். அவள் பையன் இடுப்பிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"எல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கறதுதான்" என்றேன்.